நடுரோட்டில் ஸ்னாப்பிங் ஆமை: தூக்குவதா, இழுப்பதா, விட்டுவிடுவதா?

மே கடைசியிலிருந்து ஜூன் முடியும்வரை ஒண்டாரியோ, நியூயார்க், நியூஜெர்சி பக்கம் ஏரியோ சதுப்புநிலமோ ஒட்டிய சாலைகளில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் எப்போதாவது வரத்தான் செய்யும். தூரத்தில் டயர்த் துண்டு கிடக்கிறது என்று நினைப்போம். கிட்டே போனால் அது தலையைத் தூக்கிப் பார்க்கும். பாசி படிந்த கறுத்த முதுகு, முள் வைத்த நீள வால், தடித்த கால்கள். ஸ்னாப்பிங் டர்ட்டில். இறங்கி உதவலாமா என்று யோசிக்கும்போதே, "கிட்டப் போகாதீங்க, விரலைத் துண்டாக்கிடும்" என்று பின்சீட்டிலிருந்து குரல் வரும்.

யோசனைக்குப் பஞ்சமே இல்லை. வாலைப் பிடித்துத் தூக்கு என்பார்கள். குச்சியைக் கடிக்கவிட்டு இழு என்பார்கள். கார் மேட்டில், அதாவது காரில் காலடியில் போடும் விரிப்பில் ஏற்று, மண்வெட்டியால் தள்ளு, தொடவே தொடாதே என்று ஆளுக்கு ஒன்று. எல்லாமே யாரோ ஒருவர் செய்து பலித்த வழிதான், ஆமை சாலையைத் தாண்டியிருக்கும். தாண்டிய பிறகு அந்த ஆமை என்ன ஆனது என்பதை யாரும் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். எந்த வழி சரி என்பதை அந்த ஆமையின் உடம்பே சொல்லிவிடுகிறது என்பது என் கட்சி. அதனால் முதலில் உடம்பு, அப்புறம் வழிகள்.

நமக்குப் பழகிய ஆமை ஆபத்து வந்தால் நாலு காலையும் தலையையும் உள்ளே இழுத்துக்கொண்டு சும்மா கிடக்கும். புலனடக்கத்துக்கே ஆமையைச் சொன்ன மொழி நம்முடையது. ஊர்க் குளங்களில் இருக்கும் பாலாமைக்குப் பின்னங்கால்களை மறைத்துக்கொள்ள அடியில் தனி மடல்களே உண்டு. அமெரிக்கக் காடுகளில் வாழும் பெட்டி ஆமைக்கு அடி ஓட்டில் கீல் இருக்கிறது, முழுசாகச் சாத்திக்கொள்ளும். ஸ்னாப்பருக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. அதன் அடி ஓடு சிலுவை வடிவத்தில் ஒடுங்கிப்போன சின்னத் தகடு. மேலே கனத்த போர்வை, கீழே வெறும் கோவணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடை, தோள், வால், கழுத்துச் சதை எல்லாம் வெளியே தெரியும். ஐந்தையும் அடக்க அதற்கு இடமே இல்லை.

அதன் கோபத்துக்குக் காரணமும் இதுதான். மூடிக்கொள்ள முடியாத ஆமைக்குத் தரையில் இருக்கும் ஒரே தற்காப்பு வாய். அதே ஆமையைத் தண்ணீரில் சந்தித்தால் சேற்றுக்குள் அமிழ்ந்துகொள்ளும், இல்லையென்றால் நழுவிப் போய்விடும். ஏரியில் குளிக்கிறவர்களை அது கடிப்பது மிக அரிது. சாலையில் நாம் பார்க்கும் ஸ்னாப்பர், தன் இடத்தை விட்டு வெளியே வந்து பயந்துபோய் நிற்கும் பிராணி. சீறுவதையும் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பதையும் அப்படியே படிக்க வேண்டும்.

அடுத்தது கழுத்து. இதைத்தான் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மடங்கிக் கிடக்கும்போது அது குட்டையாகத் தெரியும். நீண்டால் மேல் ஓட்டின் நீளத்தில் பாதிக்கும் மேல் பின்னோக்கி வந்துவிடும், பக்கவாட்டிலும் வரும், முதுகுக்கு மேலேயும் வளையும். அதாவது மற்ற ஆமைகளைப் பிடிப்பதுபோல ஓட்டின் இரண்டு பக்கமும் நடுவில் கை வைத்துத் தூக்கினால், கை இருப்பது அதன் வாய் எட்டும் இடத்தில்தான். சட்டென்று நீளும் அந்த வேகமும் சேர்ந்துகொள்கிறது. வாய் எட்டாத இடம் என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஓட்டின் பின்பகுதி மட்டும்: வாலுக்கு இரண்டு புறமும், பின்னங்கால்களுக்கு மேலே இருக்கும் விளிம்பு.

தாடையைப் பற்றிக் கதைகள் அதிகம். துடைப்பக் கட்டையை இரண்டாகக் கடித்துப் போட்டுவிடும் என்பார்கள். அமெரிக்கத் தென்மாநிலங்களில், கடித்தால் இடி இடிக்கும்வரை விடாது என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. நம்மூரில் உடும்புக்குக் கட்டிவிட்டதை அங்கே ஆமைக்குக் கட்டியிருக்கிறார்கள். உண்மையில் ஆமைக்குப் பல்லே கிடையாது. நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளால் ஆன, கூரான விளிம்புள்ள அலகு. 2002இல் வெளியான ஆமைக்கடி ஆய்வில் சாதாரண ஸ்னாப்பரின் கடி சுமார் 208 நியூட்டன் என்று அளந்தார்கள். மனிதர் கடைவாயால் கடிக்கும் விசையும் அந்த அளவுக்கு வரும், அதைத் தாண்டவும் செய்யும். அதனால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. கூரும் வேகமும் சேர்ந்தால் ஆழமான வெட்டு விழும், தையல் போட வேண்டிவரும். விரல் போய்விடும் என்ற பயம்தான் பெரும்பாலும் மிகை.

வால் கிட்டத்தட்ட மேல் ஓட்டின் நீளத்துக்கே இருக்கும். அதன் முதுகில் வரிசையாக முக்கோணச் செதில்கள், ரம்பப் பல் மாதிரி. பிடிப்பதற்கென்றே செய்து வைத்த கைப்பிடி என்று தோன்றும். தோன்றுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் வால் என்பது முதுகெலும்பின் தொடர்ச்சி. பெரிய ஸ்னாப்பர் 4.5 கிலோவிலிருந்து 16 கிலோ வரை இருக்கும். அந்த எடை முழுவதும் வால் எலும்புகளில் தொங்கினால் மூட்டுகள் விலகும், முதுகெலும்பில் காயம்படும். ஆமை அப்போதைக்கு நடந்து போய்விடும், காயம் நம் கண்ணுக்குத் தெரியாது. வாலைப் பிடித்துத் தூக்குகிற பழக்கம் இதனால்தான் தப்பிப் பிழைத்திருக்கிறது.

நகங்களையும் சொல்லிவிடுகிறேன். சவ்வு வைத்த பாதம், அதில் நீளமான, தடித்த நகங்கள். தாக்க அல்லாமல் தோண்டவும் நடக்கவும் உள்ளவை. ஆனால் பின்பக்கம் பிடித்துத் தூக்கினால் பின்னங்கால்கள் உதறும், நகம் நம் மணிக்கட்டில் கோடு போடும். கடியைப் பற்றியே யோசித்துக்கொண்டு இருப்பவர்கள் இந்தக் கீறலில் திடுக்கிட்டு ஆமையைக் கீழே போட்டுவிடுகிறார்கள். அந்த விழுதல் ஆமைக்குக் கடியைவிட மோசம்.

சரி, இப்போது வழிகள்.

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது. இதைக் கோழைத்தனம் என்று நினைக்க வேண்டியதில்லை. வண்டி அதிகம் வராத கிராமத்துச் சாலை, இரண்டு பக்கமும் தூரம்வரை தெரிகிறது என்றால் வண்டியை ஓரங்கட்டி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, அதுவே தாண்டும்வரை நிற்பதுதான் சிறந்தது. அடி ஓடு சின்னது என்பதால் கால்களுக்கு வீச்சு அதிகம், உடம்பைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு நன்றாகவே நடக்கும். தொந்தரவு இல்லையென்றால் நாம் எதிர்பார்ப்பதைவிடச் சீக்கிரம் போய்விடும். யாராவது சுற்றி நின்று படம் எடுக்கும்போதுதான் அது நடுவிலேயே நின்று சண்டைக்குத் தயாராகிறது.

காத்திருப்பது மட்டுமே சரியான இன்னொரு சமயம் உண்டு. ஆமை சாலையின் நடுவில் இல்லாமல், ஓரத்துச் சரளையில் பின்னங்காலால் தோண்டிக்கொண்டிருந்தால் தொடவே கூடாது. முட்டையிடுகிறது. வெயில் படும் மணலும் சரளையும்தான் முட்டைக்கு வேண்டும், சாலை ஓரம் அதற்குப் பொருத்தமாக அமைந்துவிடுகிறது. ஜூன் மாதத்தில் சாலைக்கு வரும் பெரும்பாலான ஸ்னாப்பர்கள் இப்படி இடம் தேடி வரும் பெண் ஆமைகளே. ஒரு தடவையில் பெரும்பாலும் 20 முதல் 40 முட்டை. அதில் பெரும்பகுதியை ரக்கூன், நரி, ஸ்கங்க் தோண்டித் தின்றுவிடும்.

போக்குவரத்து அதிகம், காத்திருக்க முடியாது என்றால் கைக்கு வருகிறது வேலை. இங்கே உண்மையான போட்டி இரண்டு வழிகளுக்கு நடுவில்தான்: கார் மேட், நேரடியாகக் கை.

கார் மேட்டின் பெரிய பலம், ஆமையின் எடையை நாம் தூக்க வேண்டியதில்லை என்பது. பின்பக்கமாகப் போய், ஓட்டின் பின்விளிம்பைச் சற்றே உயர்த்தி, மேட்டை அடியில் செருகி, ஆமையை அதன்மேல் பின்னோக்கி இழுத்துக்கொள்ள வேண்டும். பிறகு மேட்டின் வால்பக்க ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னாலேயே நடக்கலாம். அதன் முகம் எப்போதும் நம்மிடமிருந்து விலகியே இருக்கும். எலும்பில் எங்கும் இழுவை விழுவதில்லை, சிறிய அடி ஓடும் திறந்த சதையும் தார்ச்சாலையில் உரசுவதில்லை. தொல்லை ஒன்றுதான்: நாம் இழுக்கும் திசையில் ஆமையின் வால் இருக்க வேண்டும். அது போகிற திசையிலேயே கொண்டுபோக, முதலில் அதை வந்த பக்கம் பார்க்கத் திருப்பிக்கொள்ள வேண்டும், எதிர்ப்புறம் சேர்ந்ததும் மறுபடி திருப்பிவிட வேண்டும். இதை மறந்து இறக்கிவிட்டால் அது திரும்பிச் சாலைக்கே நடந்துவரும். கொஞ்சம் சுற்று வேலைதான், ஆனாலும் தனி ஆளாகச் செய்யலாம், பயந்த சுபாவம் உள்ளவரும் செய்யலாம்.

கையால் தூக்குவது வேகமானது. லாரி வந்துகொண்டிருக்கும் சாலையில் அந்த வேகத்துக்கு மதிப்பு உண்டு. பின்னாலிருந்து போய், வாலுக்கு இருபுறமும் பின்னங்கால்களுக்கு மேலே ஓட்டின் விளிம்பை இறுகப் பிடிக்க வேண்டும், விரல்கள் அடியில், கட்டைவிரல் மேலே. பின்விளிம்பு அரம் மாதிரி பல் பல்லாக இருப்பதால் பிடி வழுக்காது. நம் உடம்பிலிருந்து கை நீட்டித் தள்ளிப் பிடித்து, தரைக்கு மிக அருகிலேயே கொண்டுபோக வேண்டும். கனமான ஆமையை முழுசாகத் தூக்கத் தேவையே இல்லை. பின்பக்கத்தை மட்டும் உயர்த்திக் கைவண்டி தள்ளுவதுபோல் தள்ளினால் முன்னங்கால்களால் அதுவே நடக்கும், திசையும் மாறாது. முழங்கால் அளவுக்கு மேல் தூக்குவது வீண் வேலை. நழுவினால் ஓடு உடையும், ஓடு என்பது உயிருள்ள எலும்பு.

இந்த இரண்டில் எனக்குப் பிடித்தது மேட். ஆளின் திறமையை நம்பி நிற்காத வழி அது. கைவழியில் பிடி நான்கு விரல்கிடை முன்னால் நகர்ந்தாலே கழுத்து எட்டும் எல்லைக்குள் போய்விடுகிறோம். முன்னே பின்னே ஆமையைத் தொட்டிராதவர், ஹாரன் சத்தத்துக்கு நடுவில், 10 கிலோ ஆமையிடம் இதைக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பெரிய ஆமையைத் தள்ளவோ, ஏந்தி நகர்த்தவோ அகலமான மண்வெட்டியும் உதவும். குளிர்நாட்டில் பனி அள்ளும் ஷவல் பலர் வண்டியில் கோடையிலும் கிடக்கிறது. அதன் பிளாஸ்டிக் விளிம்பு ஆமைக்கும் நல்லது. நல்ல நீளக் கைப்பிடி வேறு. இரும்பு மண்வெட்டி என்றால் அடியில் செருகும்போது திறந்த சதையில் வெட்டிவிடாமல் பார்க்க வேண்டும்.

குச்சியைக் கடிக்கவிட்டு இழுப்பதை நான் ஒரு வழியாகவே கணக்கில் எடுக்க மாட்டேன். சாதாரண ஆமை என்றால் கடியாது, ஸ்னாப்பர் நிச்சயம் கடிக்கும், அதுவரை சரி. ஆனால் முழு உடம்பின் எடையும் அப்போது தாடையிலும் கழுத்திலும் விழுகிறது. அலகு உடையலாம். போதாக்குறைக்கு அது நினைத்தபோது விட்டுவிடும், நடுச்சாலையில். வால் விஷயம் முன்பே சொன்னதுதான், எந்த அவசரத்திலும் கூடாது.

தென்மாநிலங்களில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். லூசியானா, மிசிசிப்பி, ஜார்ஜியா, புளோரிடாவின் வடபகுதி போன்ற இடங்களில், மெக்சிகோ வளைகுடாவில் கலக்கும் ஆறுகளில் அலிகேட்டர் ஸ்னாப்பர் என்ற உறவினரும் இருக்கிறார். எட்ட நின்றே வித்தியாசம் தெரியும். அதன் முதுகில் மூன்று வரிசையாகக் கூர்த்த மேடுகள், வயதானாலும் பெரும்பாலும் மழுங்குவதில்லை. சாதாரண ஸ்னாப்பருக்குக் குட்டியில் மூன்று மேடுகள் இருந்தாலும் வளர வளரத் தேய்ந்து முதுகு வழவழப்பாகிவிடும். அலிகேட்டர் ஸ்னாப்பரின் தலை பெரிய முக்கோணம், அலகு கொக்கிபோல் வளைந்தது. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. சாதாரண ஸ்னாப்பருக்குக் கண்கள் மூக்கை ஒட்டி உச்சியில் இருக்கும், மேலிருந்தே தெரியும். நாக்கில் புழு மாதிரி ஒரு சதைத் துண்டை ஆட்டி மீனை வாய்க்குள் வரவழைப்பதும் அலிகேட்டர் ஸ்னாப்பரின் வித்தைதான். பெரிய ஆண்கள் 80 கிலோவைத் தொடும்.

கழுத்து குட்டை என்பதால் அலிகேட்டர் ஸ்னாப்பரைப் பழகியவர்கள் வேறு மாதிரிப் பிடிப்பார்கள். ஒரு கை தலைக்குப் பின்னால் ஓட்டின் முன்விளிம்பில், மறு கை வாலுக்கு மேலே. காணொளிகளில் இந்தப் பிடியைப் பார்த்துவிட்டு அப்படியே சாதாரண ஸ்னாப்பரிடம் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் இதன் கழுத்து மேலே வளைந்து வரும். அலிகேட்டர் ஸ்னாப்பரின் கடியில் ஒருவர் விரலை இழந்ததை 2016இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்திருக்கிறது. பின்சீட்டுக் குரலுக்கு இந்த இனத்தின் விஷயத்தில் ஆதாரம் உண்டு. அதோடு பல மாநிலங்களில் அது சட்டப் பாதுகாப்பில் உள்ள விலங்கு. முட்டையிடும் பெண் தவிர மற்றவை தண்ணீரை விட்டு வருவதே அபூர்வம். அப்படிப்பட்ட ஒன்றைச் சாலையில் பார்த்தால் போக்குவரத்தை நிறுத்திவிட்டு மாநில வனவிலங்குத் துறைக்குப் போன் செய்வதே என் தேர்வு. கனடாவில் இந்தக் குழப்பமே இல்லை, அங்கே இருப்பது சாதாரண ஸ்னாப்பர் மட்டும்.

வேறு குளத்தில் கொண்டுபோய் விடலாமா, வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்ற கேள்விக்கு நீளமான பதில் தேவையில்லை. கூடாது. அது எங்கே போகிறது என்று அதற்குத் தெரியும், அந்தத் திசையில் சாலையைத் தாண்டி விட்டால் போதும். ஒண்டாரியோவில் 2017இல் இதை வேட்டையாடுவதையே தடை செய்துவிட்டார்கள். நியூயார்க்கில் 2006 முதல் இதுதான் மாநில ஊர்வன.

ஒரு ஆமைக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு அல்கொன்குவின் பூங்காவைத்தான் காட்ட வேண்டும். ஒண்டாரியோவில் உள்ள அந்தப் பூங்காவில் 1972 முதல் ஸ்னாப்பர்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அந்தக் குளிரில் ஒரு பெண் ஆமை முதல் முட்டையிடவே 15 முதல் 20 ஆண்டு ஆகிறது. சில ஆமைகளுக்கு வயது நூறைத் தாண்டியிருக்கும் என்று கணிக்கிறார்கள். 1980களின் பிற்பகுதியில் குளிர்கால உறக்கத்தில் இருந்த பெரிய ஆமைகளை நீர்நாய்கள் நிறையக் கொன்றுவிட்டன. இருபது ஆண்டுகள் கழித்தும் எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. முட்டைகளும் குஞ்சுகளும் ஆயிரக்கணக்கில் அழிவதை இந்த இனம் தாங்கும், வளர்ந்த பெண்கள் சாவதைத் தாங்காது. ஜூனில் சாலைக்கு வருவதோ அந்த வளர்ந்த பெண்தான்.

கடித்துவிட்டால் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, கிழிசல் பெரிதாகும். ஆமையைத் தரையில் வைத்து, முடிந்தால் தண்ணீரில் இறக்கி, சும்மா இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். கடிக்காவிட்டாலும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், ஆமைகளின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கும். அமெரிக்காவில் 1975இல் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை வந்ததே குழந்தைகளுக்கு இந்தக் கிருமி தொற்றியதால்தான்.

வண்டியில் அடிபட்டு ஓடு பிளந்து கிடந்தால் செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஆமைகளின் உடம்பு மெதுவாக இயங்குவது, நகராமல் கிடந்தாலும் உயிர் இருக்கும். ஒண்டாரியோவின் பீட்டர்பரோ பகுதியில் ஆமைகளுக்கென்றே ஒரு பாதுகாப்பு மையம் இருக்கிறது, பிளந்த ஓட்டை அங்கே ஒட்டிச் சரிசெய்கிறார்கள். மற்ற இடங்களில் உரிமம் பெற்ற வனவிலங்கு மறுவாழ்வு மையங்கள் உண்டு. காற்றோட்டம் உள்ள, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில், தண்ணீரும் தீனியும் வைக்காமல் கொண்டுபோக வேண்டும். சாலையின் பெயரையும் பக்கத்துக் குறுக்குச் சாலையையும் எழுதிக்கொள்ள வேண்டும், குணமானதும் அதே இடத்தில்தான் விடுவார்கள். பெண் ஆமை இறந்தே போயிருந்தாலும் உடலை எடுத்துப் போகலாமா என்று அந்த மையத்தைக் கேளுங்கள். வயிற்றில் இருக்கும் முட்டைகளை எடுத்துப் பொரிக்க வைத்து, குஞ்சுகளைத் தாய் வந்த சதுப்பிலேயே கொண்டுபோய் விடுகிறார்கள்.